முதலில் எழுதுங்கள், பிறகு பாடிக் காட்டுங்கள்

புதிதாகக் கீர்த்தனையோ வர்ணமோ தில்லானாவோ இயற்றத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எந்த ராகத்தில் தொடங்குவது, எதுகையை எங்கே வைப்பது, சங்கதியை எப்படி வளர்ப்பது என்றெல்லாம் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். இயற்றிய பாட்டு நம்முடையதாகவே நிலைக்க என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை, என் முதல் பதவர்ணம்.

எனக்குச் சொந்த ஊர் மருங்காபுரி. துவரங்குறிச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய ஜமீன் ஊர். கச்சேரி மேடைகளில் எங்கள் ஊர்ப் பெயரை ஒலிக்கச் செய்தவர் வயலின் வித்வான் மருங்காபுரி கோபாலகிருஷ்ண ஐயர். அந்தப் பெருமையைக் கேட்டு வளர்ந்தாலும், பாட்டுச் சொல்லிக்கொள்ள நான் திருச்சிக்குத்தான் வர வேண்டியிருந்தது. விராலிமலை வழியாக பஸ், மத்தியப் பேருந்து நிலையத்தில் இறங்கி ஒன்றாம் நம்பர் பஸ், ராஜகோபுரத்திலிருந்து உத்தர வீதிக்கு நடை. டீச்சர் வீட்டு முன்னறையில் ஜண்டை வரிசையில் ஆரம்பித்து, நவராக மாலிகை, பஞ்சரத்னம் என்று எல்லோரும் போகிற வழியிலேயே போனேன். அரசுத் தேர்வு, வானொலித் தேர்வு, கோயில் உற்சவங்களில் சின்னச் சின்னக் கச்சேரிகள். இதையெல்லாம் நீங்களும் செய்துகொண்டிருப்பீர்கள். விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

இயற்ற வேண்டும் என்ற ஆசையை எனக்குள் கிளப்பியது இந்த வட்டாரம்தான். தியாகராஜர் ரங்கநாதர் மேல் பாடிய ஸ்ரீரங்கப் பஞ்சரத்னத்தை அந்த ரங்கநாதர் வீதியிலேயே உட்கார்ந்து பாடம் பண்ணினேன். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் மலைக்கோட்டைத் தாயுமானவர். முத்துசுவாமி தீட்சிதர் கன்னட ராகத்தில் 'மாத்ருபூதம்' பாடியது அவர்மேல். இந்தப் பக்கம் திருவானைக்காவல் ஜம்புகேசுவரர்; அவர்மேல் யமுனாகல்யாணியில் 'ஜம்பூபதே'. கொஞ்சம் தள்ளிப் போனால் லால்குடி. அங்கே ஒரு தியாகராஜ பஞ்சரத்னம், அந்த மண்ணிலிருந்து வந்த ஜெயராமன் சாரின் வர்ணங்கள், தில்லானாக்கள். பஸ் வழியில் வரும் விராலிமலையில், சதிர் ஆடிய முத்துகண்ணம்மாள் அம்மா இருக்கிறார். 2022இல் பத்மஸ்ரீ பெற்றவர். ஆடிக்கொண்டே தானே பாடும் மரபில் வந்தவர் அவர். ஆடுகிறவரே பாட வேண்டுமென்றால் மூச்சு வாங்க இடம் விட்டுச் சொல்லைக் கோக்க வேண்டும் என்பது அவரைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. பதவர்ணம் எழுத எனக்கு அதுவே முதல் பாடம்.

இனி அந்த வர்ணத்துக்கு வருகிறேன்.

ராகம் பேகடா, ஆதி தாளம். அரங்கன் படுத்தே இருக்கிறான், எழுந்து என்னைப் பார்க்க மாட்டானா என்று நாயகி தோழியிடம் முறையிடுவதாகச் சாகித்யம். பெரும்பாலான வர்ணங்கள் சமத்தில் எடுக்கும். நான் வேண்டுமென்றே அரை இடம் தள்ளி எடுத்தேன். சமத்தில் தாளம் விழும்போது ஆடுகிறவள் சன்னதிப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். பார்த்த பிறகுதான் சொல் வரும். அந்த அரை இடம் அவளுடைய காத்திருப்பு. வர்ணத்தின் உயிரையே நான் அங்கேதான் வைத்திருந்தேன். முத்திரையைச் சரணத்தின் கடைசி எத்துக்கடை ஸ்வர சாகித்யத்தில் வைத்தேன்.

வெளியூரில் பெரிய நடனப் பள்ளி நடத்தும் ஒருவர், ஒரு மாணவியின் அரங்கேற்றத்துக்காகப் புதிதாக ஏதாவது வேண்டும் என்று யார் மூலமோ கேள்விப்பட்டு என்னைக் கூப்பிட்டார். நான் போய்ப் பாடிக் காட்டினேன். அவருக்குப் பிடித்துவிட்டது. "நொட்டேஷன் எழுதித் தரட்டுமா மேடம்?" என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கும்மா? நீ பாடு, என் பசங்க கேட்டே புடிச்சுக்குவாங்க. நம்ம மரபே காதால கேட்டுப் படிக்கிறதுதானே" என்றார். பெரியவர் சொல்லும்போது மறுத்துப் பேசக் கூடாது என்றுதான் நம்மையெல்லாம் வளர்த்திருக்கிறார்கள். பல மாலைப் பொழுதுகள் உட்கார்ந்து வரி வரியாகப் பாடிக் கொடுத்தேன். அவர்கள் போனில் பதிவு செய்துகொண்டார்கள். கடைசியில் ஒரு பொன்னாடையும் பழத் தட்டும் கொடுத்தார்கள்.

அரங்கேற்றத்துக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. அழைப்பிதழைப் பிறகு வேறொருவர் காட்டினார். வர்ணம் என்ற இடத்தில் ராகமும் தாளமும் அச்சாகியிருந்தன. இயற்றியவர் என்ற இடத்தில் 'பாரம்பரியம்' என்று போட்டிருந்தது.

அதோடு நிற்கவில்லை. நேரம் போதாது என்று கடைசி இரண்டு எத்துக்கடை ஸ்வரங்களை வெட்டிவிட்டார்கள். அவற்றோடு என் முத்திரையும் போயிற்று. எடுப்பைச் சமத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஏன் மாற்றினார்கள் என்று என் மிருதங்க நண்பர் விளக்கினார். அந்தப் பள்ளியில் ஏற்கெனவே கோத்து வைத்த திரிகால ஜதியும் தீர்மானங்களும் சமத்தில் வந்து முடிபவை. அரை இடத்துக்கு ஏற்றபடி புதிதாகக் கோக்க வேண்டுமென்றால் நட்டுவனாருக்கு வேலை. பாட்டை நகர்த்துவது அவர்களுக்குச் சுலபமாகப் பட்டிருக்கிறது. அந்த வடிவத்திலேயே அங்கிருந்து இன்னொரு பள்ளிக்கும், ஒரு பாடகரின் ஒலிப்பதிவுக்கும் அது போய்விட்டது.

பிறகொரு நவராத்திரியில் ஸ்ரீரங்கத்தில் எனக்கு ஒரு கச்சேரி வாய்த்தது. என் வர்ணத்தையே முதலில் எடுத்தேன். முடிந்ததும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மாமா மேடைக்குப் பக்கத்தில் வந்தார். எல்லாக் கச்சேரிக்கும் வருகிறவர், தாளம் தப்பினால் முகத்தைப் பார்த்தே தெரியும். "குழந்தே, குரல் நன்னா இருக்கு. ஆனா அந்தப் பேகடா வர்ணம் பாடாந்தரம் சரியில்லையே. எடுப்பு சமம்னா? நீ அரை இடம் தள்ளி எடுக்கறயே. யார்கிட்டயாவது சரியாப் பாடம் பண்ணிக்கோ" என்றார். "மாமா, அது நான் பண்ணின வர்ணம்" என்றேன். அவர் என்னை நம்பாமல் பார்த்தார். "அது பழைய பாட்டுன்னு போட்டிருந்தாளே அம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தான் கேட்ட வடிவத்தை அவர் சரியென்று நினைத்தார். நான் அவரிடம் எடுத்துக் காட்ட என்ன இருந்தது? என் நோட்டில் சாகித்யம் இருந்தது. மேலே 'பேகடா – ஆதி' என்று இருந்தது. ஸ்வரம் இல்லை, எடுப்புக் குறி இல்லை, தேதி இல்லை. பதிவு முழுவதும் அவர்கள் போனில். பள்ளியில் கேட்டபோது, "பாட்டுன்னா நாலு பேர் பாடத்தான் செய்வாங்க. உன் பாட்டு இவ்வளவு பெரிய மேடை ஏறினதுக்கு நீ சந்தோஷப்படணும்" என்று பதில் வந்தது. நீயே எழுதி வைத்திருக்க வேண்டாமா, தப்பு உன்மேல்தானே என்று சில நண்பர்கள் இன்றும் கேட்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. எழுதித் தருகிறேன் என்று கேட்டவள் நான். வேண்டாம் என்று சொன்னவருக்கு எது லாபம் என்பதை இப்போது எல்லோரும் பார்க்கலாம்.

காதால் கேட்டுப் படிப்பது நம் மரபு என்று சொல்லி வாயை அடைக்க வருகிறவர்களுக்கு இந்த ஸ்ரீரங்கத்திலேயே பதில் இருக்கிறது. கம்பர் தம் ராமாயணத்தை அரங்கேற்றியது இங்கே என்பது மரபு. தாயார் சன்னதி எதிரில் அவர் பெயரில் மண்டபம் நிற்கிறது. சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) தம் இராம நாடகக் கீர்த்தனையை அரங்கேற்றியதும் இங்கேதான். அவர் சாகித்யம் செய்ய, சட்டநாதபுரத்தைச் சேர்ந்த அவருடைய சீடர்கள் இருவர் மெட்டமைத்தார்கள். பாட்டின் தலைப்பில் ராகமும் தாளமும் எழுதி வைத்தார்கள். ஸ்வரம் எழுதவில்லை. விளைவு என்ன? 'யாரோ இவர் யாரோ' பாட்டுக்கு முதலில் குறித்திருந்த ராகம் சாவேரி. இன்று மேடையில் நாம் கேட்பது பைரவி. அந்தப் பைரவி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சீடர்கள் சாவேரியில் என்ன செய்தார்கள் என்று இனி யாராலும் பாடிக் காட்ட முடியாது. ராகப் பெயர், தாளப் பெயர் மட்டும் எழுதி வைப்பது ஒரு பாட்டைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

மறுபக்கம் முத்துசுவாமி தீட்சிதரைப் பாருங்கள். சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் 1904இல் 'சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி'யை அச்சேற்றினார். ஸ்வரம் மட்டும் போடாமல், கமகங்களுக்கும் தனித்தனிக் குறி வைத்து எழுதினார். இன்று தீட்சிதர் கீர்த்தனை ஒன்றில் சந்தேகம் வந்தால் திறந்து பார்க்க ஒரு புத்தகம் இருக்கிறது. தியாகராஜருக்கு அப்படி ஒரே புத்தகம் இல்லை. உமையாள்புரம், வாலாஜாபேட்டை, தில்லைஸ்தானம் என்று சீடர் வழிக்கு ஒரு பாடாந்தரம். எல்லாம் மதிப்புள்ளவைதான். ஆனால் தியாகராஜருக்கு அத்தனை சீடர்கள் இருந்தார்கள், ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்தார். உங்களுக்கும் எனக்கும் யார் இருக்கிறார்கள்? நம் பாட்டுக்கு முதல் சீடர், நாம் எழுதி வைக்கும் காகிதம்தான்.

சின்ன வயதில் இயற்றத் தொடங்கியவர்களில் நான் வழிகாட்டியாக வைத்திருப்பவர் பாலமுரளிகிருஷ்ணா. 72 மேளகர்த்தாக்களிலும் கீர்த்தனை செய்தபோது அவர் இளைஞர். 1952இல், இருபத்திரண்டு வயதில், அவற்றை 'ஜனக ராக க்ருதி மஞ்சரி' என்று புத்தகமாகக் கொண்டுவந்துவிட்டார். பிடித்தவர்கள் பாடினார்கள், பிடிக்காதவர்கள் திட்டினார்கள். யாருடைய பாட்டு என்ற கேள்வி மட்டும் எழவில்லை. தமிழில் அதே 72 மேளத்துக்கும் 'கந்த கானாமுதம்' செய்தவர் கோடீசுவர ஐயர். அவர் பதித்துவிட்டுப் போனதால்தான் எஸ். ராஜம் அவற்றைத் தேடி எடுத்துப் பாட முடிந்தது.

இனி, நான் இப்போது கடைப்பிடிப்பவை. உங்களுக்கும் இவை அப்படியே பொருந்தும்.

எழுதும் முறை

தாளின் தலையில் ராகம், எந்த மேளம், ஆரோகண அவரோகணம், தாளம், எத்தனை களை, எடுப்பு எங்கே. எடுப்பை 'அரை இடம்' என்று எழுத்திலும் போடுங்கள், தாளக் குறியிலும் போடுங்கள். கீழே ஸ்வர வரி, அதற்கு நேர் கீழே சாகித்யம். ஆதி தாளமென்றால் லகு நான்கு, திருதம் இரண்டு, திருதம் இரண்டு என்று கோடு பிரித்து, எட்டு அட்சரமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேல் ஸ்தாயிக்கு மேலே புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி. சங்கதிகளை ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதுங்கள். 'இப்படியே வளர்த்துப் பாடவும்' என்று விட்டால் யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வளர்ப்பார்கள். காலப்பிரமாணத்தையும் குறியுங்கள், போனில் மெட்ரோனோம் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, கையெழுத்து.

எழுத்து மட்டும் போதாது. என் பேகடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் 'நி' என்று எழுதிவிடலாம். ஆனால் பேகடாவின் நிஷாதம் காகலியிலிருந்து சற்று இறங்கி அசைந்து நிற்கும். மத்யமத்துக்கும் அதற்கே உரிய ஒரு நீட்டல் உண்டு. அது எந்தக் குறியிலும் முழுதாக வராது. அதனால் தம்புராவோடு, தாளம் தட்டும் சத்தம் கேட்கும்படி, பல்லவியிலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் ஒருமுறை பாடிப் பதிவு செய்யுங்கள். ஸ்வரக் குறிப்பின் படத்தையும் அந்தப் பதிவையும் உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள்; நம்பகமான இரண்டு பேருக்கும் அனுப்புங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

முத்திரை

வாக்கேயக்காரர்கள் 'குருகுஹ', 'ச்யாமக்ருஷ்ண' என்று முத்திரை வைத்தது வெறும் பக்திக்கு என்று நினைக்காதீர்கள். பாட்டுக்கு உரியவர் யார் என்பதற்கு அதுவே பத்திரம். ஆனால் பத்திரத்தை வெட்டக்கூடிய இடத்தில் வைக்கக் கூடாது. சரணத்தின் கடைசி வரிதான் நேரமில்லை என்றால் முதலில் போகும். அனுபல்லவியை யாரும் விடமாட்டார்கள். நான் இப்போது முத்திரையை அங்கேதான் வைக்கிறேன்.

இன்னொன்றும் செய்கிறேன். முத்திரையை எதுகையில் கட்டிவிடுகிறேன். என் முத்திரை 'மருங்கை', எங்கள் ஊர்ப் பெயரிலிருந்து எடுத்தது. ஒரு வரி 'நெருங்கி' என்று தொடங்கும், அடுத்தது 'ஒருங்கே' என்று தொடங்கும், மூன்றாவது 'மருங்கை' என்று தொடங்கும். அதை எடுத்துவிட்டு வேறு பெயரைச் செருகினால் எதுகை உடைந்து, தமிழ் தெரிந்த காதில் உடனே உறுத்தும். மாற்றுகிறவர் மூன்று வரியையும் திருப்பி எழுத வேண்டும். அந்த உழைப்பு இருக்கிறவர் சொந்தமாகவே பாட்டு எழுதிவிடுவார்.

சட்டம்

நமக்கெல்லாம் எதற்குச் சட்டம் என்று நினைக்காதீர்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நமக்கும் சேர்த்துத்தான். சாகித்யம் இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு; சட்டத்தின் கண்ணில் இரண்டும் தனித்தனி. படைத்த உடனேயே உரிமை வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிந்து வைத்தால் வழக்கு என்று வரும்போது முதல் சாட்சியாக நிற்கும். ஒரு படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டும் உரிமை நிற்கும். 57ஆம் பிரிவு இன்னும் முக்கியம்: உரிமையை வேறொருவருக்கு எழுதிக் கொடுத்த பிறகும், 'இது என் படைப்பு' என்று சொல்லவும், பெயரைக் கெடுக்கும்படி சிதைத்தால் தடுக்கவும் படைத்தவருக்கு அதிகாரம் உண்டு. இந்தப் பிரிவு இருப்பது அந்த நாளில் எனக்குத் தெரிந்திருந்தால், அந்த அழைப்பிதழை வாங்கிப் பார்த்துவிட்டு வீடு திரும்பியிருக்க மாட்டேன்.

உரிமை கேட்பது கலைக்கு அழகில்லை என்று சொல்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 1847இல் பாரிஸில் ஏர்னஸ்ட் பூர்ஜே என்ற பாடலாசிரியர் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, தம் பாட்டை அங்கே வாசிப்பதைக் கேட்டார். என் பாட்டுக்கு நீங்கள் காசு தரவில்லை, உங்கள் பானத்துக்கு நானும் தர மாட்டேன் என்று மறுத்தார். விஷயம் நீதிமன்றம் போய், அவர் பக்கம் தீர்ப்பாயிற்று. 1851இல் இசைப் படைப்பாளிகளுக்கான சாசெம் என்ற சங்கம் அங்கே பிறந்தது. நம் நாட்டில் 1969இலிருந்து ஐபிஆர்எஸ் இருக்கிறது; பாட்டு எழுதுகிறவர்களும் இசையமைக்கிறவர்களும் சேரலாம். பூர்ஜே அன்று பெரிய மனிதர்களின் மனம் நோகுமே என்று எழுந்து போயிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

நாட்டியத்துக்குப் பாட்டுக் கொடுப்பது

நாட்டியப் பள்ளிகள்தான் இன்று புதுப் பாட்டு கேட்கின்றன. கச்சேரியில் புதுப் பாட்டுக்குக் கிடைப்பது கடைசி துக்கடா நேரம். நாட்டியத்தில் ஒரு வர்ணம் முக்கால் மணி நேரம் நிற்கும். ஆகவே கொடுங்கள், ஆனால் ஒரு பக்கக் கடிதம் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகு கொடுங்கள். அதில் நான் நான்கு விஷயம் எழுதுகிறேன்: அழைப்பிதழிலும் மேடை அறிவிப்பிலும் இயற்றியவர் பெயர் வர வேண்டும், எடுப்பையும் முத்திரை வரியையும் கேட்காமல் மாற்றக் கூடாது, ஒலிப்பதிவாக வெளியிட வேண்டுமென்றால் தனி அனுமதி, சன்மானத்தில் பாதி, முதல் வரி சொல்லிக்கொடுப்பதற்கு முன்பு. பொன்னாடை இந்தக் கணக்கில் சேராது. கடிதத்தைப் பார்த்ததும் முகம் சுளித்து விலகியவர்களும் உண்டு. அவர்கள் விலகியது எனக்கு நஷ்டமில்லை. கையெழுத்துப் போட்டவர்கள் என் பெயரைச் சரியாக அச்சிட்டார்கள், மறுபடியும் கேட்டு வந்தார்கள்.

அரிய ராகங்கள்

'யாரும் தொடாத ராகத்தில் பண்ணு, அப்போதுதான் கவனிப்பார்கள்' என்று உங்களிடமும் சொல்வார்கள். என்னிடம் சொன்னவர்கள் ஒருவர்கூட அப்படிப் பண்ணின பாட்டைக் கச்சேரியில் எடுத்ததில்லை. கோடீசுவர ஐயரும் பாலமுரளியும் செய்தார்களே என்றால், அவர்களுக்கு விவாதி மேளம் கைவந்த சங்கதி. நமக்கு முதலில் பேகடாவும் சுருட்டியும் முகாரியும் நன்றாக வரட்டும். ரசிகருக்குத் தெரிந்த ராகத்தில் அவருக்குத் தெரியாத ஒன்றைக் காட்டுவது கஷ்டமான வேலை. அதைச் செய்தால்தான் பாட்டு நிற்கும்.

பெரியவர்களின் ஆசி

ஆசி வேண்டும், அதற்காக அலையலாம். கோபாலகிருஷ்ண பாரதியாரே நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப் பாயிரம் கேட்டு, எங்கள் திரிசிரபுரத்து மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வீட்டுக்குப் பலமுறை நடந்தார். இலக்கணப் பிழைகள் இருக்கின்றன என்று பிள்ளையவர்கள் தயங்கித் தள்ளிப்போட்டார். பாரதியார் பாடக் கேட்டு உருகிய பிறகு கொடுத்தார் என்று உ.வே.சா. எழுதியிருக்கிறார். பாரதியார் போனது முழுநூலையும் முடித்த பிறகு என்பதைக் கவனியுங்கள். வெறும் வாயோடு போய் நிற்காதீர்கள்.

சென்னைக்குப் போகாதது

ஸ்ரீரங்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாய், சென்னைக்குப் போயிருந்தால் இப்படி ஏமாந்திருக்க மாட்டாய் என்று எனக்கு அறிவுரை சொன்னவர்கள் அதிகம். ஏமாற்றுகிறவர் எந்த ஊரிலும் இருப்பார். மார்கழிப் பகல்பத்து இராப்பத்தில் அரையர் சேவையை இங்கே இருந்தால் நேரில் கேட்கலாம். பாசுரத்தை அரையர் நிறுத்தும் இடம், தாளத்தைத் தட்டி விடும் இடம், இவையெல்லாம் என் பாட்டுக்குள் வந்திருக்கின்றன. 1939 மே 16 முதல் இயங்கும் திருச்சி வானொலி நிலையம் இங்கே இருக்கிறது. வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் கூப்பிட்ட குரலுக்கு வருகிற நண்பர்கள் இருக்கிறார்கள். புதுப் பாட்டைப் பத்து முறை சோதித்துப் பார்க்க அவர்கள் அலுத்துக்கொள்வதில்லை. லால்குடி சார் சென்னைக்குப் போனார் என்பார்கள். போனார், பெயருக்கு முன்னால் ஊரையும் எடுத்துக்கொண்டுதான் போனார். நீங்களும் எங்கே இருந்தாலும், காது வளர்ந்த ஊரை விட்டுவிடாதீர்கள்.

அந்தப் பேகடா வர்ணத்தை நான் கைவிடவில்லை. முழுவதையும் எழுதி, முத்திரையை அனுபல்லவிக்குக் கொண்டுவந்து, சாகித்யத்தையும் மெட்டையும் தனித்தனியே பதிவுக்கு அனுப்பினேன். என் கச்சேரிகளில் அதை அரை இடத்தில்தான் எடுக்கிறேன், எடுப்பதற்கு முன் இது என் வர்ணம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் எடுக்கிறேன். சமத்தில் எடுக்கும் வடிவம் வெளியே சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அதை இனித் திரும்ப அழைக்க முடியாது.

பாடுகிறவர்களுக்கும் நாட்டிய ஆசிரியர்களுக்கும் சபாக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இயற்றியவர் பெயர் தெரியாவிட்டால் 'பாரம்பரியம்' என்று எழுதாதீர்கள்; யாருடையது என்று விசாரியுங்கள். உயிரோடு இருப்பவர் பாட்டென்றால் மேடையில் ஒரு முறை பெயரைச் சொல்லுங்கள். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

உங்களிடம், இயற்றுகிற தம்பி தங்கையிடம், எனக்குக் கேட்க ஒன்றே இருக்கிறது. எழுதாத பாட்டு ஏதாவது இப்போது உங்கள் வாயில் இருந்தால், இன்று இரவே உட்கார்ந்து ஸ்வரத்தோடு எழுதிவிடுங்கள், தேதி போடுங்கள். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் தாராளமாகப் பாடிக் காட்டலாம்.